கொடுத்த கையை நாம் காட்டவில்லை

இரண்டு பெற்றோர் சந்தித்துப் பேசத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. "எவ்வளவு செய்தாலும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அருமை தெரியவில்லை." கேட்டதெல்லாம் உடனே கிடைத்துவிடுவதால் இப்படி என்கிறோம். கைபேசியைக் காரணம் சொல்கிறோம். பள்ளியைச் சொல்கிறோம், கூடாத சேர்க்கையைச் சொல்கிறோம். இந்தப் பட்டியலில் நம் பெயர் மட்டும் வருவதே இல்லை.

பிள்ளைகளிடம் நன்றியுணர்வு குறைந்திருப்பது உண்மையானால், அதை வளர்த்திருக்க வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் நாம்தான். பெற்றோராக, தாத்தா பாட்டியாக, ஆசிரியராக, பக்கத்து வீட்டாராக இருக்கும் நாம் அனைவரும் எங்கெங்கே தவறினோம் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிப் பார்ப்போம். பிள்ளைகளைத் திருத்துவது அதற்குப் பிறகு.

ஒப்பிக்கச் சொன்னோம்

திருக்குறளின் 11-வது அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். 101 முதல் 110 வரை பத்துக் குறள்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு அது மனப்பாடம். ஒப்பித்தல் போட்டிக்கு நாம்தான் அழைத்துப் போகிறோம். எழுத்துப் பிசகாமல் சொல்லிப் பரிசோடு இறங்கிவரும் பிள்ளையைக் கட்டி அணைத்துப் படம் எடுக்கிறோம். அந்த மேடைக்கு மைக் செட் கட்டியவர் பக்கத்திலேயே நிற்கிறார். நிகழ்ச்சி முடிந்ததும் நாற்காலிகளை அடுக்க வேண்டியவர் ஓரமாகக் காத்திருக்கிறார். அவர்கள் பக்கம் பிள்ளையின் முகத்தை ஒருமுறையாவது நாம் திருப்பியிருக்கிறோமா? பத்துக் குறளும் வாயில் இருக்கின்றன. அவை யாரைப் பற்றியவை என்பது பிள்ளைக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்த உறவினர் சாக்லேட் கொடுத்தால், "மாமாவுக்கு தேங்க்ஸ் சொல்லு" என்று முதுகைத் தட்டுகிறோம். அன்று காலை அதே பிள்ளையின் பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டு மடித்துக் கொண்டுவந்து கொடுத்தவரிடம் எதையும் சொல்லச் சொல்வதில்லை. மாமா நமக்குச் சமமானவர், அல்லது நம்மைவிட வசதியானவர். இஸ்திரி போடுகிறவர் நம்மிடம் காசு வாங்குகிறவர். காசு கொடுத்த பிறகு சொல்வதற்கு என்ன இருக்கிறது என்ற நினைப்பு நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. பிள்ளை அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. தன்னைவிட மேலே இருப்பவரிடம் மட்டும் நன்றி சொன்னால் போதும் என்பதை நாம் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ஆனால் தினமும் செய்து காட்டினோம்.

உணவு கொண்டுவரும் இளைஞர் மழையில் நனைந்தபடி நான்கு மாடி ஏறி வருகிறார். கதவைப் பாதி திறந்து பையை வாங்கிக்கொண்டு சாத்துகிறோம். பிறகு கைபேசியைப் பிள்ளையிடம் கொடுத்து, "எத்தனை ஸ்டார் போடலாம், நீயே போடு" என்கிறோம். முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசாத மனிதருக்கு மதிப்பெண் போடும் அதிகாரம் எட்டு வயதில் கைக்கு வந்துவிடுகிறது. தண்ணீர் வேண்டுமா என்று அவரைக் கேட்கும் பழக்கம் வரவில்லை.

பாக்கெட்டின் நிறம் தெரியும்

பிள்ளைகள் குடிக்கும் பாலை எடுத்துக்கொள்வோம். ஆவின் பச்சை பாக்கெட்டா, நீலமா, ஆரஞ்சா என்று சின்னக் குழந்தையும் சொல்லிவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் ஆட்களை அந்தக் குழந்தை அறியாது. ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு பெண் விடியும் முன் எழுந்து, தொழுவம் கூட்டி, தீவனம் வைத்து, பால் கறந்து, தூக்கில் எடுத்துக்கொண்டு பால் சங்கத்துக்கு நடக்கிறார். அங்கே அளந்து, கொழுப்பும் மற்றச் சத்தும் சோதித்து, அதற்கேற்ற விலையை எழுதுகிறார்கள். அங்கிருந்து குளிரூட்டும் நிலையம், பிறகு டேங்கர் லாரி. சென்னைக்கு வரும் பால் என்றால் மாதவரம், அம்பத்தூர், சோழிங்கநல்லூர் பால்பண்ணைகள். அங்கே பாக்கெட் போடுகிறவர்கள், டப்புகளை வேனில் ஏற்றுகிறவர்கள், ஊர் தூங்கும் நேரத்தில் வேன் ஓட்டுகிறவர்கள், இருட்டில் வாங்கி வீடு வீடாகப் போடுகிறவர்கள். கறவை மாட்டுக்குத் தீபாவளி விடுமுறை கிடையாது. காலையும் மாலையும் கறந்தாக வேண்டும். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தப் பெண் மாலைக் கறவைக்கு வீடு திரும்ப வேண்டும்.

இதில் பாதியையாவது நாம் பிள்ளைகளுக்குச் சொன்னதுண்டா? டம்ளரில் பாதியை விட்டுத் தொட்டியில் ஊற்றும்போது, "லிட்டர் என்ன விலை தெரியுமா?" என்று கேட்கிறோம். அந்த நேரத்திலும் பிள்ளையின் காதில் விழுவது நம் பணத்தைப் பற்றிய கவலைதான். தொழுவத்தில் நிற்கும் பெண் அந்தப் பேச்சில் எங்கும் வரவில்லை.

சோறும் அப்படித்தான். சம்பா நெல் வயலில் கிட்டத்தட்ட ஐந்து மாதம் நிற்கிறது. நாற்றங்கால், நடவு, களை, அறுவடை என்று ஒவ்வொன்றிலும் குனிந்த முதுகுகள் இருக்கின்றன. அறுத்த பிறகும் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் குவித்து, மழை வருமோ என்று தார்ப்பாயோடு காவல் கிடக்கும் இரவுகள் உண்டு. டெல்டாவின் நகரங்களில் வளரும் நம் பிள்ளைகளே, பத்து நிமிடத் தொலைவில் இருக்கும் அந்த நிலையத்தைப் பார்த்ததில்லை. மாலின் எந்த மாடியில் என்ன கடை இருக்கிறது என்பதை அவர்களுக்கு நாம் காட்டியிருக்கிறோம்.

சூரியனுக்கும் மாட்டுக்கும் படையல் வைக்க ஒரு பண்டிகையே வைத்திருக்கும் சமூகம் நாம். அந்தப் பொங்கலைச் சிறப்பு நிகழ்ச்சிகளுக்கும் புதுப்படத்துக்கும் விட்டுவிட்டோம். ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்து மாலை போடுகிறோம். ஆண்டு முழுவதும் அந்த வண்டியைப் பழுது பார்த்துத் தந்த மெக்கானிக்குக்கு ஒரு பொட்டலம் பொரிகடலையைப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பத் தோன்றவில்லை. கருவிக்குச் செய்ததைக் கருவி பிடித்த கைக்குச் செய்யவில்லை.

பழைய காலத்தின் பின்னால் ஒளிய முடியாது

"எங்கள் காலத்தில் இப்படி இல்லை" என்று சொல்லித் தப்பிக்கவும் நமக்கு வழியில்லை. களத்துமேட்டில் நெல் அளக்கும்போது சலவை செய்பவருக்கும், முடி திருத்துபவருக்கும், மண்பாண்டம் செய்பவருக்கும் பங்கு கொடுத்ததைப் பெருமையாகப் பேசுகிறோம். அந்தப் பங்கு சாதி வகுத்த படி. வாங்கியவர் வாசலுக்கு வெளியே நின்று வாங்கினார். பண்ணை வீட்டுச் சிறுவன் தன் தாத்தா வயதுடையவரைப் பெயர் சொல்லி, "வா, போ" என்று கூப்பிட்டான். அவர் அவனைச் "சின்னய்யா" என்றார். யார் கையால் சோறு வருகிறது என்பது அந்தச் சிறுவனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்தும் மரியாதை கொடுக்கத் தேவையில்லை என்று அவனுக்குச் சொல்லி வளர்த்தோம். இன்றைய பிள்ளைக்கு ஆளையே தெரியாது. இரண்டுமே நம் வளர்ப்பில் வந்த குறைகள்தான்.

அந்தப் பழக்கம் அடுக்குமாடி வீடுகளிலும் தொடர்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கும் சமையலறைகள் இன்னும் உண்டு. அவர் தரையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதைப் பார்த்தே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். ஏன் என்று அவர்கள் கேட்கும் வயதில் "சும்மா இரு" என்றோம். அதன் பிறகு அவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஊரறிய நாம் நடத்திய பாடங்கள்

1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தொடங்கியது. 1956-ல் காமராசர் மதிய உணவைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022-ல் காலை உணவும் வந்தது. நூறாண்டுகளுக்கு முன் தொடங்கிய இந்தச் சோற்றில் எத்தனை பேர் படித்து ஆளானார்கள் என்று நமக்குத் தெரியும். நம்மில் பலர் அந்தப் பந்தியில் தட்டேந்தி உட்கார்ந்தவர்கள். அடுப்புப் புகையில் நின்று அதைச் சமைத்த ஆயாக்களின் பெயர்கள் எத்தனை பேருக்கு நினைவிருக்கின்றன?

மறந்தது ஒரு குறை. அதைவிடக் கொடியதையும் செய்தோம். 2018-ல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் திரண்டு தடுத்தார்கள். தங்களுக்குச் சோறு போட வந்தவரை விரட்டச் சொல்லித் தங்கள் தாய் தந்தையரே கூச்சல் போட்டதை அந்தப் பள்ளிப் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். அன்று அவர்கள் கற்றதை எந்தப் பாடப்புத்தகத்தாலும் எளிதில் அழிக்க முடியாது. அவிநாசிக்காரர்களைச் சொல்லிவிட்டு நாம் விலகி நிற்க முடியாது. அந்த மனம் எல்லா ஊரிலும் இருக்கிறது.

கொரோனா காலத்தில், 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு வாசலிலும் மொட்டைமாடியிலும் நின்று, மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் கைதட்டினோம். பிள்ளைகளையும் தட்டைத் தட்டச் சொன்னோம். ஒரு மாதம் முடிவதற்குள், கொரோனாவில் உயிரிழந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் சென்னையில் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைக் கல்லால் தாக்கியது. நள்ளிரவில் அவருடைய சக மருத்துவரே மண்வெட்டி பிடித்துக் குழியை மூட வேண்டியிருந்தது. நம் பிள்ளைகள் இரண்டையும் ஒரே தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அன்று அவர்களிடம் உட்கார்ந்து, "இது தவறு, நாம் வெட்கப்பட வேண்டும்" என்று சொன்ன வீடுகள் குறைவு.

சமையலறையில் தொடங்கியது

வெளியே இருப்பவர்களை விடுவோம். வீட்டுக்குள் என்ன செய்தோம்? 2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் காலப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அந்த வேலையில் கைகொடுத்த ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். அப்படிக் கைகொடுத்த ஆண்களே நான்கில் ஒருவர் என்ற அளவில்தான் இருந்தார்கள். ஐந்து மணி நேர உழைப்பு நம் கண்ணெதிரே தினமும் நடக்கிறது. அதற்குச் சாப்பாட்டு நேரத்தில் கிடைக்கும் பதில், "உப்பு கொஞ்சம் கம்மி."

குழம்பு நன்றாக இருந்தால் பேச்சே இல்லாமல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிடுகிறோம். குறை இருந்தால் மட்டும் வாய் திறக்கிறோம். அம்மா கடைசியில் உட்கார்கிறார். மிச்சமிருப்பதைப் போட்டுக்கொள்கிறார். அவர் சாப்பிட்டாரா என்று அப்பா கேட்டு அறியாத வீட்டில், பிள்ளை மட்டும் எப்படிக் கேட்கும்? சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழும் பழக்கம் பெரும்பாலும் அப்பாவைப் பார்த்து வந்தது. மகனுக்கு அதை விட்டுக்கொடுத்தோம், மகளை மட்டும் கழுவச் சொன்னோம். வண்டி ஓட்டி முடித்த களைப்பில் வீடு வந்த அப்பாவிடமும், முட்டிவலியோடு பள்ளி வாசலில் காத்திருந்து அழைத்துவந்த பாட்டியிடமும் கனிவாக ஒரு சொல் பேச நாம் பழக்கவில்லை. ஒருவருக்கொருவர் நாமே பேசிக்கொண்டதில்லை.

கடனாக மாற்றினோம்

இன்னொரு தவறு இவை எல்லாவற்றிலும் பெரியது. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது நன்றியுணர்வை வளர்க்காத நாம், அவர்கள் வளர்ந்த பிறகு அதைக் கடனாகக் கேட்டோம். "உனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டோம் தெரியுமா?" என்ற கேள்வியை அவர்கள் வாயை அடைக்கப் பயன்படுத்தினோம். பிடித்த படிப்பைக் கேட்டபோது சொன்னோம். பிடித்தவரைத் திருமணம் செய்ய வேண்டும் என்று மகள் வந்து நின்றபோது, "இவ்வளவு செய்ததற்கு நீ காட்டும் நன்றி இதுதானா?" என்றோம். நன்றி என்றால் கீழ்ப்படிதல் என்று அவர்களுக்குப் பட்டது. அடங்கிப்போகச் சொல்லும் எதன் மீதும் இளம் மனதுக்கு அன்பு வராது. அவர்கள் விலகிப்போனதில் வியப்பில்லை.

2007-ல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வந்தது. கைவிடப்பட்ட பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து, மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெற அந்தச் சட்டம் வழி செய்கிறது. கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தைத் திரும்பப் பெறவும் அதில் இடமுண்டு. அந்தச் சட்டம் தேவைதான். பசியோடு கோட்டாட்சியர் அலுவலகப் படியில் உட்கார்ந்திருக்கும் முதியவருக்கு அது ஒரு பிடிமானம். கைவிட்ட குற்றம் அந்தப் பிள்ளையுடையதே, அதில் ஐயமில்லை. ஆனால் நம் வீட்டு முற்றத்தில் நாம் நம் பெற்றோரை எப்படி நடத்தினோம் என்பதைப் பார்த்துக்கொண்டு ஓர் ஐந்து வயதுக் குழந்தை அங்கேயே விளையாடிக்கொண்டிருந்தது. தாத்தாவின் மருந்துச் செலவைக் குறித்து நாம் அலுத்துக்கொண்டது அதன் காதில் விழுந்தது. தீர்ப்பாயம் மாதத் தொகையை வாங்கித் தரலாம். அந்த வயதில் விதைக்கத் தவறியதை வாங்கித் தர அதனால் முடியாது.

இனி செய்ய வேண்டியது

குற்றத்தை ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது. செய்ய வேண்டியவை எளியவை, ஆனால் நாள்தோறும் செய்ய வேண்டியவை.

முதலில் பெரியவர்கள் தொடங்க வேண்டும். சமைத்தவரிடம், சம்பாதித்து வந்தவரிடம், பிள்ளையைப் பார்த்துக்கொண்டவரிடம் நல்ல வார்த்தையைப் பிள்ளையின் காதில் விழும்படி சொல்வோம். சாப்பிட்ட தட்டை வீட்டில் எல்லாரும் அவரவர் கழுவுவோம், அப்பாவும் அண்ணனும் உட்பட. ஆறு வயதுப் பிள்ளை கீரை ஆயட்டும், பத்து வயதுப் பிள்ளை வாரம் ஒருநாள் வீடு பெருக்கட்டும். முதுகு வலித்தால்தான் இன்னொருவர் முதுகு வலிப்பது தெரியும்.

நமக்கு உழைப்பவர்களின் பெயரைப் பிள்ளைகள் அறியட்டும். வாட்ச்மேனாக இருக்கும் தாத்தாவை, பள்ளி வேன் ஓட்டும் அண்ணனை, குப்பை எடுக்க வரும் அக்காவைப் பெயர் கேட்டு, "வாங்க, போங்க" என்று பேசட்டும். வீட்டில் இருக்கும் தனி டம்ளரை இன்றே தூக்கி எறிவோம். நாம் குடிக்கும் டம்ளரில், நாம் உட்காரும் நாற்காலியில் அவருக்குத் தேநீர் கொடுப்போம்.

செயலில்லாத நன்றிக்கு மதிப்பில்லை. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே மட்கும் குப்பையையும் மட்காத குப்பையையும் வீட்டிலேயே பிரிக்கச் சொல்லிவிட்டன. நாம் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி வைத்துவிடுகிறோம். உடைந்த கண்ணாடியும் பயன்படுத்திய நாப்கினும் பிளேடும் அதில் கிடக்கின்றன. கையுறை இல்லாமல் அதைக் கிளறுகிறவர் நம் தூய்மைப் பணியாளர்தான். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குப்பையைப் பிரிப்போம். கண்ணாடித் துண்டைத் தாளில் சுற்றி, மேலே எழுதி, தனியாகக் கொடுக்கப் பழக்குவோம். அவர் கை வெட்டுப்படக் கூடாது என்று அந்தப் பிள்ளை நினைத்துச் செய்யும் அந்த வேலைதான் அவருக்கு நாம் சொல்லக்கூடிய உண்மையான நன்றி.

அதோடு, நன்றி கூலிக்கு மாற்று ஆகாது என்பதையும் பிள்ளைகள் நம்மிடம் காண வேண்டும். வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கு உரிய நாளில் சம்பளம், வார விடுமுறை, உடம்பு சரியில்லாத நாளுக்கும் சம்பளம், பண்டிகைக்குப் போனஸ் ஆகியவற்றைக் கொடுக்காமல் பழைய புடவை கொடுத்துப் புன்னகைப்பதில் அர்த்தமில்லை. சம்பளத்தைப் பிள்ளையின் முன்னால், இரண்டு கையாலும், மரியாதையோடு கொடுப்போம். கோடை விடுமுறையில் ஒருநாள் அருகிலுள்ள பால் சங்கத்துக்கோ, நெல் வயலுக்கோ அழைத்துப் போவோம். அங்கே இருப்பவர்களிடம் பேசவிடுவோம்.

பெற்றோரே, நாம் செய்ததைப் பட்டியலிட்டுப் பிள்ளைகளிடம் கடனாகக் கேட்பதை இன்றோடு நிறுத்துவோம். அவர்களைப் பெற்றதும் வளர்த்ததும் நாம் விரும்பி ஏற்ற கடமை. அவர்களிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது ஒன்றுதான். பிறர் உழைப்பில் தாங்கள் வாழ்கிறோம் என்று அறிந்த மனிதர்களாக அவர்கள் வளர வேண்டும். அதற்குப் பிறர் உழைப்பில்தான் நாமும் வாழ்கிறோம் என்று நாம் அறிந்தவர்களாக நடக்க வேண்டும். இத்தனை நாள் அப்படி நடக்கவில்லை. பிள்ளைகள் மீது வைத்த குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, இன்றைய இரவுச் சாப்பாட்டிலிருந்து நம்மை நாமே திருத்திக்கொள்வோம்.